கொல்லர் பட்டறையும் விசைச் சம்மட்டியும்

நமது நாட்டில் கைத்தொழிலின் மேன்மையைப் பற்றிப் பேசாத மேடை கிடையாது. எழுதாத பத்திரிகையும் கிடையாது. ஆனால் அப்படிப் பேசுகின்றவர்களிலும் எழுதுகின்றவர்களிலும் எத்தனை பேர் ஒரு கொல்லர் பட்டறையில் ஒரு பகல் முழுவதும் நின்று சம்மட்டி அடித்துப் பார்த்திருப்பார்கள் என்று கேட்டால், விரல் விட்டு எண்ணுவதற்குக்கூட ஆள் அகப்படாது. ஆதலால்தான் கொல்லர் தொழிலைப் பற்றி நம்மவர்கள் எழுதியிருப்பதெல்லாம் நெருப்புப் பொறி பறக்கும் அழகையும் உலையின் செந்நிறத்தையும் பற்றி இருக்கின்றதேயொழிய, அடிக்கின்றவருடைய தோள்பட்டையைப் பற்றி இருப்பதில்லை.

காரியம் என்னவென்று பார்ப்போம். உலையில் சிவக்கக் காய்ந்த இரும்பு வெளியே வந்தால் அது அடிக்குக் குழையக்கூடிய நேரம் மிகவும் சொற்பம். மெல்லிய இரும்பானால் சில விநாடிகள். கனத்த இரும்பானால் ஒரு நிமிஷம் தாங்கினால் அதிகம். அதற்குள் அடிக்க வேண்டிய அடியை அடித்துவிட வேண்டும். தவறினால் மறுபடியும் உலை, மறுபடியும் கரி, மறுபடியும் காற்று. கொல்லர் இடது கைக் குறட்டால் இரும்பைப் பிடித்துக்கொண்டு, வலது கைச் சுத்தியால் அடி விழ வேண்டிய இடத்தைத் தட்டிக் காட்டுவார். எதிரில் நிற்பவர் அந்த இடம் பார்த்து 4 கிலோ, 5 கிலோ சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் போடுவார். இந்த எதிராள் யார்? கூலி கொடுக்கச் சக்தியுள்ள பட்டறையில் கூலிக்காரர். சக்தியில்லாத பட்டறையில் மகன். மகன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டால் மனைவி. வடநாட்டில் மாட்டு வண்டியையே வீடாக வைத்துக்கொண்டு ஊர் ஊராய்ப் போகும் காடியா லோஹார் என்கின்ற கொல்லர்களிடத்தில் புருஷன் உட்கார்ந்து இரும்பைப் பிடிப்பதும் பெண்சாதி நின்று சம்மட்டி அடிப்பதும்தான் வழக்கமாயிருந்து வருகின்றது. பெண்கள் மெல்லியலார் என்று எழுதிய புலவர்கள் இந்தச் சம்மட்டியைப் பார்த்திருக்க மாட்டார்கள் போலும்!

இந்தச் சம்மட்டி அடிக்கும் வேலையை மனிதத் தோளிலிருந்து எடுத்து யந்திரத்தின் மேல் போட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. பட்டறைக்காரர்கள் பவர் ஹாமர் என்றும் ஸ்பிரிங் ஹாமர் என்றும் சொல்லுகின்ற விசைச் சம்மட்டிதான் அது. காலால் மிதியை அழுத்தினால் அடி விழும், எடுத்தால் நிற்கும், மெல்ல அழுத்தினால் மெல்ல விழும். இரண்டு கையும் இரும்பைத் திருப்புவதற்கும் இழுப்பதற்கும் ஒழிவாயிருக்கும். 25 ராத்தல் தலையுள்ள சிறு யந்திரமே நிமிஷத்துக்கு 300 அடிக்கு மேல் அடிக்கின்றது. மனிதன் ஒரு சூட்டில் அடிக்கக்கூடிய அடி எத்தனை என்று யாரும் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியிருக்க, நமது கிராமத்துப் பட்டறைகளில் இது ஏன் இன்னும் அபூர்வப் பொருளாக இருக்கின்றது? பணமில்லை என்பது ஒரு காரணம். அதை நாம் மறுக்கவில்லை. பின்னால் அதற்கு வருவோம். ஆனால் அதற்கு முன் இரண்டு விதமான பேச்சுகள் குறுக்கே நிற்கின்றன.

ஒன்று, யந்திரம் வந்தால் கலை போய்விடும் என்பது. கலை எங்கே இருக்கின்றது என்று நாம் கேட்கின்றோம். இரும்பு என்ன நிறத்தில் இருக்கும்போது எடுப்பது, எந்தப் பக்கம் திருப்புவது, எங்கே நிறுத்துவது, துவைச்சலுக்குத் தண்ணீரா எண்ணெயா என்று தீர்மானிக்கின்ற புத்தியில் கலை இருக்கின்றதா? அல்லது எதிராளின் முதுகெலும்பில் இருக்கின்றதா? முன்னதில் இருப்பது உண்மையானால் விசைச் சம்மட்டி அதில் ஒரு துளியையும் எடுத்துக்கொண்டு போவதில்லை. உழுகின்றவனுக்கு மாடும், மாட்டுக்குப் பதிலாக டிராக்டரும் வந்தபோது போகாத விவசாயம், அடிக்கின்றவனுக்கு யந்திரம் வந்தபோது மட்டும் எப்படிப் போகும்?

மற்றொன்று வருஷத்துக்கு ஒரு நாள் வருகின்ற ஆயுத பூஜை. அன்றைக்குச் சம்மட்டிக்குக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, கொறட்டையும் சுத்தியையும் வரிசையாய் அடுக்கிக் கும்பிடுகின்றோம். கும்பிட்ட பொருளைத் திருத்த மனம் வருமா? காம்பு கையைக் காய்க்கின்றதே, எடையை மாற்றினால் என்ன, தலையின் முகத்தைச் சற்று வளைத்தால் இரும்பு எப்படி நீளுகின்றது பார்க்கலாம் என்கின்ற எண்ணமெல்லாம், அது வெறும் கருவி என்று நினைக்கின்றவனுக்குத்தான் வரும். விஸ்வகர்மா கொடுத்தது என்று நினைத்துவிட்டால் பிறகு அதில் குறை எங்கேயிருந்து வரும்? குறை இல்லாவிட்டால் திருத்தம் எங்கேயிருந்து வரும்?

விசைச் சம்மட்டியை எந்தத் தெய்வமும் கொடுக்கவில்லை. ஒரே மனிதனும் கொடுக்கவில்லை. சீன தேசத்தில் ஹான் வம்சத்தார் ஆட்சியில், ஏறக்குறைய 2000 வருஷங்களுக்கு முன்னே, காலால் மிதிக்கும் உலக்கை நீரோட்டத்தால் இயங்கும் உலக்கையாக மாறியிருக்கின்றது. நெல் குத்துகின்ற அந்த ஏற்பாடே பிறகு இரும்புக்கும் வந்தது. ஐரோப்பாவில் மத்திய காலத்திலேயே ஆற்றங்கரைகளில் நீர்ச்சக்கரத்தால் அடிக்கும் சம்மட்டிகள் ஏற்பட்டுவிட்டன. இங்கிலாந்தில் ஷெப்பீல்டுக்கு அடுத்த அபிடேல் என்கின்ற இடத்தில் புல்லறுக்கும் நீண்ட அரிவாள்கள் செய்த அத்தகைய பட்டறை ஒன்றை இன்றும் காட்சிசாலையாக வைத்துக் காப்பாற்றி வருகின்றார்கள். சுற்றுகின்ற உருளையில் உள்ள பற்கள் சம்மட்டிக் காம்பின் வாலை அழுத்தும், தலை எழும்பும், பல் விலகினால் தலை விழும். மிகவும் எளிய ஏற்பாடு. ஆனால் அடியின் பலத்தை வேண்டியபடி கூட்டவும் குறைக்கவும் முடியாது; காம்பு வளைவில் ஏறி இறங்குவதால், கனத்த இரும்பை வைத்தால் தலை சாய்ந்து விழும்; எல்லாவற்றையும்விட, கனத்த இரும்பை வைக்க வைக்கத் தலை விழுகின்ற உயரமும் குறைந்து போகும். பெரிய அடி எங்கே வேண்டுமோ அங்கேயே சிறிய அடி விழும்.

இந்தக் குறையை உணர்ந்து ஒருவர் யோசித்ததன் பலன்தான் நீராவிச் சம்மட்டி. ஜேம்ஸ் வாட் என்பவர் 1784-லேயே இதைத் தமது உரிமைப் பத்திரத்தில் எழுதியிருந்தார், காரியத்தில் செய்யவில்லை. 1839-ல் 'கிரேட் பிரிட்டன்' என்கின்ற கப்பலுக்குத் துடுப்புச் சக்கரத்தின் அச்சு செய்ய வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய அச்சை அடிக்கத்தக்க சம்மட்டி எங்கும் இல்லையென்று அக்கப்பலின் எஞ்சினியர், மாஞ்செஸ்டருக்குப் பக்கத்திலிருந்த ஜேம்ஸ் நாஸ்மித்துக்கு எழுதினார். 1839 நவம்பர் 24-ந் தேதி நாஸ்மித் தமது குறிப்புப் புஸ்தகத்தில் ஒரு படம் வரைந்தார். சம்மட்டித் தலையை நேராக நீராவி உருளையின் தண்டிலேயே மாட்டி, நேராகத் தூக்கி நேராகப் போடுவது. அவ்வளவுதான். ஆனால் கப்பல்காரர்கள் துடுப்புச் சக்கரத்தை விட்டுத் திருகுச் சுழலிக்கு மாறிவிட்டார்கள். அச்சு வேண்டியதில்லாமல் போயிற்று. படம் புஸ்தகத்திலேயே கிடந்தது. அந்தப் புஸ்தகத்தை வந்து பார்த்த பிரெஞ்சுக்காரர்கள், தங்கள் க்ரூசோ ஆலையில் சம்மட்டியைச் செய்தே விட்டார்கள். 1842-ல் அங்கே போன நாஸ்மித் தமது படம் இரும்பாய் நின்று அடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு ஓடோடி வந்து உரிமைப் பத்திரம் வாங்கினார். க்ரூசோவின் எஞ்சினியரான பூர்தோன், அது தம்முடைய சொந்த யோசனையே என்று வாதாடினார். யார் பெற்ற பிள்ளை என்கின்ற அந்த வழக்கில் நமக்கு அக்கறையில்லை.

நமக்கு அக்கறையுள்ளது மூன்றாவது ஆளிடத்தில். நாஸ்மித்தின் முதல் யந்திரத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஆள் நின்று கையால் வால்வைத் திறந்து மூட வேண்டியிருந்தது. அதைத் தானாகத் திறந்து மூடும்படி செய்தவர் அந்தத் தொழிற்சாலையிலேயே வேலை பார்த்த ராபர்ட் வில்சன் என்பவர். ஒயின் கிண்ணத்தில் கோழி முட்டையை வைத்து, கிண்ணம் உடையாமல் முட்டை ஓட்டை மாத்திரம் உடைத்துக் காட்டுகின்ற வேடிக்கையைப் பார்க்க ஜனங்கள் கூடினார்களே, அந்த அடக்கமெல்லாம் இத்தகைய வால்வுத் திருத்தங்களால் வந்ததுதான். புகழ் முதலாளிக்குப் போயிற்று. திருத்தினவர் பெயர் எஞ்சினியர்களுக்கு மட்டும் தெரியும். (இந்த வில்சன் கப்பல் திருகுச் சுழலியைப் பற்றியும் முன்னமேயே சோதனைகள் செய்தவர். நாஸ்மித்தின் அச்சை வேண்டாமல் செய்த சுழலி இனத்தில் இவர் கையும் இருந்தது என்பது ஒரு வேடிக்கை.)

அதன் பிறகு சம்மட்டிகள் வளர்ந்து, க்ரூசோவில் 1877-ல் 100 டன் சம்மட்டியும், அமெரிக்காவில் பெத்லெஹெமில் 1891-ல் 125 டன் சம்மட்டியும் ஏற்பட்டன. அவற்றின் வேலையைப் பிறகு நீர் அழுத்த யந்திரங்கள் எடுத்துக்கொண்டன. க்ரூசோ சம்மட்டி இப்போது அவ்வூரில் நினைவுச் சின்னமாய் நிற்கின்றது. நமது கொழுவுக்கும் கோடாரிக்கும் அவை சம்பந்தப்பட்டவை அல்ல.

நமக்குச் சம்பந்தப்பட்டது ஒரு பட்டறையில், ஒரு மோட்டாரில், ஒரு ஆள் வைத்து ஓட்டத்தக்க சிறு யந்திரம். இதைச் செய்வது எளிது என்று தோன்றும். சக்கரத்தின் ஓரத்தில் ஒரு கோலை மாட்டி, கோலின் நுனியில் சம்மட்டித் தலையைக் கட்டிவிட்டால் சக்கரம் சுற்றச் சுற்றத் தலை ஏறி இறங்காதா என்று பலர் கேட்கின்றார்கள். ஏறி இறங்கும், ஆனால் அடிக்காது. இதைச் சற்று நின்று விளங்கிக்கொள்ள வேண்டும். சக்கரத்தில் விறைப்பாக மாட்டிய தலை எப்போதும் ஒரே இடத்துக்குத்தான் இறங்கும். அந்த இடம் 1 அங்குல இரும்புக்குச் சரியாயிருந்தால், 2 அங்குல இரும்பை வைத்தவுடன் கோல் முறியும் அல்லது சட்டம் பிளக்கும். அரை அங்குல இரும்பை வைத்தால் தலை அதைத் தொடவே தொடாது. இது ஒரு குறை. இதைவிடப் பெரிய குறை, சக்கரத்தோடு விறைப்பாய்ப் போகின்ற தலை கீழ்க்கோடிக்கு வரும்போது அதன் வேகம் முழுவதும் குறைந்து பூஜ்யமாகிவிடுகின்றது. எந்த இடத்தில் வேகம் வேண்டுமோ அந்த இடத்தில் வேகமே இல்லை. அது அமுக்கும் யந்திரமாகுமேயல்லாமல் அடிக்கும் யந்திரமாகாது.

இதற்குக் கண்ட பரிகாரம், சக்கரத்துக்கும் தலைக்கும் நடுவில் ஒரு வில்லை வைப்பது. சக்கரம் மேலே போய்த் திரும்பும்போது தலை தன் கனத்தால் இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும், வில் வளையும், சக்கரம் கீழே இழுக்க, வளைந்த வில் நிமிர்ந்து தலையைக் கீழே விசிறும். சக்கரம் கீழ்க்கோடியில் வேகம் குறையும்போது தலை அதை முந்திக்கொண்டு இறங்கி அடிக்கும். சாட்டையைச் சொடுக்குகின்ற கைக்கும் சாட்டை நுனிக்கும் உள்ள சம்பந்தம்தான் இது. இரும்பு கனத்தாலும் மெலிந்தாலும் வில் அந்த வித்தியாசத்தைத் தாங்கிக்கொள்ளும். நிற்கும்போது மேல் அச்சு கீழ் அச்சைத் தொடாமல், அடிக்கப்போகின்ற இரும்பின் கனத்துக்குச் சற்றேறக்குறைய இடைவெளி இருக்கும்படி வைக்க வேண்டும் என்று சொல்லுவதும் இதனால்தான். இடைவெளியே இல்லாமல் வைத்துவிட்டு, அடி சரியாக விழவில்லை என்று யந்திரத்தின் மேல் பழி போடுகின்றவர்கள் உண்டு.

அமெரிக்காவில் மின்னசோட்டா ராஜ்யத்தில் மேன்கேட்டோ என்கின்ற ஊரில் மேயர் சகோதரர்கள் கம்பெனியார் செய்து விற்ற 'லிட்டில் ஜயண்ட்' யந்திரம் இந்த ஏற்பாட்டுக்குப் பேர்போனது. 25 ராத்தல் தலையிலிருந்து 500 ராத்தல் வரை செய்தார்கள். இரண்டு கரங்களைக் கீலில் மாட்டி, அவற்றின் மேல் நுனிகளை ஒரு சுருள் வில்லால் சேர்த்திருப்பார்கள். லாடம் அடிக்கின்ற, கலப்பை தீட்டுகின்ற கிராமத்துக் கொல்லர்கள் வாங்கினது இதைத்தான். அவர்கள் முதலில் செய்ததே முடிவானது என்று இருந்துவிடவில்லை. தலை ஓடுகின்ற காடி தேய்ந்து ஆடுகின்றது என்று கண்டபோது, தலையைச் சுற்றிலும் பிடிக்கின்ற வேறு விதமான காடியைப் பிற்காலத்து யந்திரங்களில் வைத்தார்கள். அந்த யந்திரங்களில் பல இன்றைக்கும் ஓடுகின்றன.

நமது நாட்டில் பஞ்சாபில் லூதியானா, பட்டாலா முதலிய இடங்களில் செய்யப்படுவது சுருள் வில்லுக்குப் பதிலாகப் பட்டை வில் வைத்தது. லாரிக்கு அடியில் அடுக்கடுக்காயிருக்கின்றதே, அதே மாதிரி. சிவகங்கை ஜில்லாவில் அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி முதலிய ஊர்களில் நமது கொல்லர்கள் லாரிப் பட்டையை அறுத்துத்தான் அரிவாள் அடிக்கின்றார்கள். அரிவாளாகின்ற அதே பட்டையின் ஒரு துண்டு, அந்த அரிவாளை அடிக்கின்ற யந்திரத்துக்கு வில்லாகவும் ஆகும் என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. காற்றால் ஓடுகின்ற சம்மட்டி மூன்றாவது வகை. ஒரு உருளை காற்றை அமுக்கிக் கொடுக்க, மற்றொரு உருளையில் தலை ஏறி இறங்கும். ஒற்றை அடி, பிடித்து வைக்கின்ற அடி எல்லாம் அதில் நன்றாய் வரும். விலை அதிகம்.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகின்றோம். சம்மட்டி வாங்கப் போகின்றவர்கள் எல்லோரும் தலை எத்தனை கிலோ என்று கேட்கின்றார்கள். விற்கின்றவர்களும் அதையே பெரிய எழுத்தில் போடுகின்றார்கள். தலைக்கு அடியில் இருக்கின்ற அடைகல் எத்தனை கிலோ என்று கேட்கின்றவர் நூற்றில் ஒருவரைக் காணோம். நாம் சொல்லுகின்றோம், அதைக் கேளாமல் வாங்குகின்றவர் பாதி யந்திரத்தைத்தான் வாங்குகின்றார்.

ஏனென்றால், அடியின் சக்தி முழுவதும் இரும்புக்குள் இறங்குவதில்லை. அடைகல் லேசாயிருந்தால் அது அடியோடு சேர்ந்து கீழே போகும். அந்த அளவுக்கு இரும்பு நசுங்காமல் தப்பிக்கும். நன்றாய்க் காய்ந்த இரும்பானால் கணக்கு மிகவும் எளிது. அடைகல்லின் எடையை, அடைகல்லும் தலையும் சேர்ந்த எடையால் வகுத்தால் இரும்புக்குள் இறங்குகின்ற பங்கு கிடைக்கும். தலை 50 கிலோ, அடைகல் 150 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 200-ல் 150, அதாவது நூற்றுக்கு 75 பங்குதான் வேலைக்கு. அடைகல்லை 250 கிலோவாக்கினால் 83 பங்கு. 500 கிலோவாக்கினால் 91. 750 கிலோவுக்கு 94. 1000 கிலோவுக்கு 95. இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகின்றது. மூன்று மடங்கிலிருந்து பத்து மடங்குக்குப் போவது பெரிய லாபம். பதினைந்து மடங்குக்கு மேல் போவது இரும்புக்குத் தண்டச் செலவு. இந்தக் கணக்குக்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டுவதில்லை. கொல்லர் வீட்டில் நாலாவது வகுப்புப் படிக்கின்ற பிள்ளை போட்டுவிடும்.

மீதிப் பங்கு எங்கே போகின்றது? அஸ்திவாரத்துக்குப் போகின்றது; பக்கத்து வீட்டுச் சுவருக்குப் போகின்றது; மிதியின் மேல் வைத்த காலுக்குப் போகின்றது. நாம் அறிந்த ஒரு பட்டறையில் 40 கிலோ தலையுள்ள யந்திரம் என்று கடன் வாங்கி வாங்கினார்கள். கவிழ்த்துப் பார்த்தால் அடைகல் உள்ளே குடைவாய், ஓட்டுப் பாத்திரம் போல் இருந்தது. விற்றவர் இரும்பில் மிச்சம் பிடித்தார். வாங்கினவர் ஆறு மாதத்துக்குள் தரையை இரண்டு முறை கொத்திப் போட்டார். இதற்கு ஜாதகம் பார்த்து மனையடி சாஸ்திரம் வேறு கேட்டார்கள்! மனை என்ன செய்யும்?

அடி போதவில்லை என்றால் வேகத்தைக் கூட்டிவிடலாம் என்று மோட்டாரில் பெரிய கப்பியை மாட்டுகின்றவர்கள் வேறு. தலையின் எடையை இரண்டு மடங்காக்கினால் ஓர் அடியின் சக்தி இரண்டு மடங்கு. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் நான்கு மடங்கு. இவ்வளவு வரை அவர்கள் சொல்லுவது சரி. ஆனால் அடிகளின் எண்ணிக்கையும் கூடவே இரட்டிப்பதால், மோட்டார் எட்டு மடங்கு இழுக்க வேண்டியிருக்கும் என்பதை மறந்துவிடுகின்றார்கள். வில்லுக்கும் ஒரு அளவு உண்டு. அதற்கு மேல் ஓட்டினால் தலை சக்கரத்துக்கு ஒத்து வராமல் தாறுமாறாய்க் குதிக்கும், வில் முறியும். பட்டை வில் முறிந்தால் துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஆகவே வில்லுக்கும் கப்பிக்கும் பெல்ட்டுக்கும் கம்பிக்கூடு போடாத யந்திரத்தை முடிவடைந்த யந்திரம் என்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். கூட்டைத் தனி விலைக்கு விற்பது, கிணற்றை விற்றுவிட்டுக் கைப்பிடிச் சுவரைத் தனியாக விற்பது போன்றது. தடையும் அப்படியே. மிதியை எடுத்தவுடன் தலை மேலேயே நிற்க வேண்டும். இரண்டு அடி கூடுதலாக விழுந்து நிற்கக் கூடாது. அந்த இரண்டு அடியில்தான் விரல் போகின்றது. அச்சு மாற்றும்போது தலைக்கு அடியில் முட்டுக் கொடுக்கின்ற கட்டை, யந்திரத்தோடேயே சங்கிலியில் மாட்டியிருக்க வேண்டும். அச்சின் அடிக்காடி மூலைகள் கூர்மையாயிராமல் சற்று உருண்டிருக்க வேண்டும். கூர்மையான மூலையில்தான் வெடிப்பு ஆரம்பிக்கின்றது. இவையெல்லாம் சில்லறை விஷயங்கள் என்று சொல்லுவார்கள். யந்திரம் என்பதே சில்லறை விஷயங்களின் மொத்தம்தான்.

காதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இத்தாலி தேசத்து வைத்தியர் ராமஸ்ஸினி, 300 வருஷங்களுக்கு முன்பே, வெனிஸ் நகரத்தில் செம்பு தட்டுகின்றவர்கள் எல்லோரும் செவிடாகின்றார்கள் என்று எழுதினார். 1886-ல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்கின்ற வைத்தியர் கொதிகலன் செய்கின்ற 100 தொழிலாளிகளைச் சோதித்ததில் ஒருவருக்கும் காது சரியாயில்லை. நம்மூரிலோ கொல்லருக்குக் காது மந்தம் என்பது கேலிப் பேச்சாயிருக்கின்றதே தவிர, அது தொழிலால் வருகின்ற ஊனம் என்று நினைப்பார் இல்லை. விசைச் சம்மட்டி தோளைக் காப்பாற்றும்; காதைக் காப்பாற்றாது. காதடைப்பு சொற்பக் காசுக்குக் கிடைக்கின்றது. அதைப் போட்டுக்கொள்ள வெட்கப்படுகின்றவர்களுக்கு நாம் என்ன சொல்லுவது?

மற்றொரு ஆக்ஷேபணைக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கூலிக்குச் சம்மட்டி அடிக்கின்றவர் என்ன ஆவார்? யந்திரம் ஒருவரிடம் மாத்திரம் இருந்தால் அந்த ஒருவர் மற்றப் பட்டறைகளின் வேலையை இழுத்துக்கொள்ளுவார். கூலிக்காரர் வெளியே நிற்பார். இந்த நஷ்டத்தை மறைத்துப் பேச நாம் விரும்பவில்லை. ஆனால் இது யந்திரத்தின் குற்றமல்ல. யந்திரம் யாருக்குச் சொந்தம் என்பதன் குற்றம். நான்கைந்து பட்டறைகளும் அவற்றில் அடிக்கின்றவர்களும் சேர்ந்து ஒரு யந்திரத்தை வைத்துக்கொண்டால், நேற்று எதிராளாய் நின்றவரே நாளைக்கு இரண்டாவது உலைக்குக் கொல்லராகலாம். எதிராளுக்குக் கைச் சுத்தியைக் கொடுக்காமல் ஆயுள் முழுவதும் சம்மட்டியையே கொடுத்து வைத்திருப்பதில் அவருக்கு என்ன உபகாரம் இருக்கின்றது?

சேர்ந்து வைத்துக்கொள்ளுவது மாத்திரமல்ல, சேர்ந்து செய்துகொள்ளவும் முடியும். அமெரிக்காவில் கொல்லர்கள் கூட்டமாய்க் கூடி, மோட்டார் காரின் டயர் சக்கரத்தை வைத்து 50 ராத்தல் சம்மட்டிகளைத் தாங்களே செய்துகொள்ளுகின்றார்கள். மோட்டாரின் உருளை, மிதியை அழுத்தும்போது டயரின் மேல் உராயும். கொஞ்சம் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு மெதுவாய்ச் சுற்றும். நன்றாய் அழுத்தினால் முழு வேகம். தனியாகக் கிளட்ச் வேண்டியதில்லை. வரைபடத்தை ஒருவர் சொற்ப விலைக்குக் கொடுக்கின்றார். செய்தவர்கள் எங்கே தேய்ந்தது, எங்கே முறிந்தது என்று எழுதுகின்றார்கள். அடுத்து வரைகின்றவர் அதைத் திருத்துகின்றார். நம்மவர்களுக்கு இது முடியாதா? 1937-ல் கோயமுத்தூரில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்சார மோட்டார் செய்தார்களே, ஜி.டி. நாயுடு எந்தக் காலேஜில் படித்தார்? லாரி உடைக்கின்ற இடங்கள் நமக்கு இல்லையா, டயர் இல்லையா, பட்டை இல்லையா? இல்லாதது ஒன்றுதான். அளவு தெரிந்தவர் அளவை வெளியே சொல்லுவதில்லை. மகனுக்குச் சொல்லுவார், மகன் இல்லாவிட்டால் மண்ணுக்குச் சொல்லுவார்.

இந்த இடத்தில் சர்க்கார் உதவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பர் 17-ல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த விஸ்வகர்மா திட்டத்தில் கொல்லரும், சுத்தி முதலிய கருவி செய்கின்றவரும் அடங்கிய 18 தொழில்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. கருவிக்கென்று ரூ.15,000, அப்புறம் கடன். ரூ.15,000-க்கு விசைச் சம்மட்டியின் அடைகல் வருமா என்பது சந்தேகம். அதைவிட முக்கியம், குடும்பத்தின் பரம்பரைத் தொழிலாக இருக்க வேண்டும் என்கின்ற நிபந்தனை. 18 வயதுப் பிள்ளையைக் காலேஜ் வாசலில் மறித்து உன் தகப்பன் உலைக்குப் போ என்று சொல்லுவது, 1953-ல் ராஜாஜி மந்திரிசபையில் வந்த பள்ளிக்கூடத் திட்டத்துக்கு என்ன உறவு என்று வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். இந்த நிபந்தனையோடு இத்திட்டத்தை ஏற்க முடியாதென்று 2024-ல் தமிழ்நாட்டு சர்க்கார் எழுதி, 2025 ஏப்ரலில் ஜாதி பரம்பரை கேளாத கலைஞர் கைவினைத் திட்டத்தை ஆரம்பித்தார்கள். 35 வயது ஆனவர்களுக்கு 3 லட்சம் வரை கடன், ரூ.50,000 வரை மானியம். இது சரியான வழி. ஆனால் அந்தப் பணம் குடைந்த அடைகல்லை விற்கின்றவர் பெட்டிக்குப் போகாமலிருக்க வேண்டும். தகப்பன் தொழில் என்ன என்று ஒரு திட்டம் கேட்கின்ற இடத்தில், அடைகல் தலையைப்போல் எத்தனை மடங்கு, கூடு உண்டா, தடை உண்டா என்று இந்தத் திட்டம் கேட்கட்டும்.

தங்கள் பட்டறையிலேயே விசைச் சம்மட்டி செய்தவர்களும், வாங்கித் திருத்தினவர்களும் விவரம் எழுதியனுப்பினால் இப்பத்திரிகையில் வெளியிட ஆசைப்படுகின்றோம். தலையின் எடை, அடைகல்லின் எடை, நிமிஷத்துக்கு எத்தனை அடி, மோட்டார் எத்தனை குதிரைச்சக்தி, அடியில் மரமா காங்கிரீட்டா, எத்தனை மாதத்தில் எந்தப் பாகம் தேய்ந்தது என்று இவ்வளவு இருந்தால் போதும். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலை வேண்டாம். அளவு மாத்திரம் பிழையில்லாமல் இருக்கட்டும்.